அரை கிளாஸ் டீ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் செய்தி கிடைத்தது. "முழுசா சரியானதும் வேலைக்குப் போறேன் மாமா" என்று எழுதியிருந்தாய். அந்த 'முழுசா' என்ற வார்த்தைதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நானும் ஒன்றரை வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன்.

உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1994-ல் எனக்கு வந்தது மஞ்சள் காமாலை இல்லை. அது உன் பாட்டி ஊருக்குச் சொன்ன கதை. நாலு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாமல், மில்லின் ஐந்து வருஷக் கணக்கையும் திருத்தி எழுதப் போகிறேன் என்று பேரேடுகளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். இன்று இருமுனைக் கோளாறு என்று பெயர் சொல்கிறார்கள். அன்று 'நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காமாலைக் கதையோடு மில்லுக்குத் திரும்பினேன். கூட வேலை பார்த்தவர்கள் பாசமாகக் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார்கள். கேன்டீனில் பஜ்ஜிப் பக்கம் கை நீட்டினால் அதட்டினார்கள். பத்தியச் சோறு தின்றே இளைத்தேன். லித்தியம் மாத்திரையின் தாகத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர்ப் பானைக்குப் போனேன். கை நடுக்கத்தில் எண்கள் கட்டத்தை விட்டு வழிந்தன. காரணத்தைச் சொல்ல வாய் இல்லை. ஒரு நாள் பேரேட்டை வாங்கிக்கொண்டு, மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். சம்பளம் உண்டு, வேலை இல்லை. மூன்று மாதத்தில் நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து 'முழுசா' குணமாகக் காத்திருந்தேனே, அப்போது குணம் ஒன்றும் கூடவில்லை. பத்து மணிக்கு எழுந்திருப்பவன் பன்னிரண்டுக்கு எழ ஆரம்பித்ததுதான் மிச்சம்.

என்னை எழுப்பியவர் அப்பாவின் சிநேகிதர் ஒருவர். கரூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்குக் கையோடு கூட்டிப்போய், "பையனுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, மாத்திரை சாப்பிடுறான், காலையில மந்தமா இருக்கும், கணக்குல புலி" என்று முதலாளியிடம் நேராகச் சொன்னார். முதலாளி கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வர முடியும்?" பத்தரை என்றேன். சரி என்றார். அதோடு விடாமல், சிநேகிதர் மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் வந்து என்னோடும் முதலாளியோடும் பேசிவிட்டுப் போவார். டீ கொண்டுவரும் பையன் இரண்டு நாள் என் கையைப் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து என் கிளாஸில் மட்டும் பாதிதான் ஊற்றினான். அது தீர்ந்ததும் மறுபாதி. ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

அந்தச் சிநேகிதர் தன்னை அறியாமல் செய்ததை அமெரிக்காவில் ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்ற இருவர் நியூ ஹாம்ப்ஷயரில் 1990-களில் உருவாக்கியது. அதுவரை மனநோய் வந்தவர்களுக்கு மெழுகுவத்தி, கூடை என்று வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்து, 'தயார்' என்று யாராவது சான்று சொன்ன பிறகுதான் வேலை. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ஆசைப்படுகிறவனுக்கு அவன் விரும்புகிற நிஜமான வேலையைச் சீக்கிரமே தேடிக்கொடு, பயிற்சி அங்கேயே நடக்கட்டும், துணையாள் கூடவே இருக்கட்டும், டாக்டரும் துணையாளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும். பழைய முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஏறத்தாழ இரு மடங்குப் பேருக்கு இதில் வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகளுக்கும் வேலை வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரிலும் புதிதல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கென்று தொழிற்கூடம் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். அவரே 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தையும் தொடங்கினார்.

உனக்கும் அப்படி ஒரு துணையாள் வேண்டும். அக்காவும் அத்தானும் அதற்குச் சரிப்படமாட்டார்கள், அவர்களுக்குப் பயம் அதிகம். மாத்திரை வாங்கப் போகும்போது மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேள். ராத்திரி மனசு ஒரு மாதிரி ஆனால் 14416-க்குப் போன் போடு, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி நீ வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸ் விஷயம். நீ அங்கே விழுந்ததற்கு மாதாமாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் காரணம் என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கெடு நாட்கள், விடிய விடிய வேலை. நம்மைப் போன்றவர்களுக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் சறுக்கல். அதனால் சம்பளத்தைப் பேசுவதற்கு முன்னால் ராத்திரியைப் பேசு: "எட்டு மணிக்கு மேல் உட்கார முடியாது, பதிலுக்கு பில் ஒப்பிடும் வேலையை மாதம் முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன்." முதல் மாதம் அரை நாள் போதும்.

நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நேரே உன் மேலே இருக்கும் ஒருவரிடம், உனக்கு என்ன தேவை என்பதைச் சொல். பெயரைச் சொல்வது உன் இஷ்டம். சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காக்கப்படும் உரிமையை 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் உனக்குத் தருகிறது. ஆனால் காமாலை மாதிரிக் கதை மட்டும் கட்டாதே. கதைக்குத் தகுந்த மாதிரி வாழவேண்டி வந்துவிடும்.

2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம். மொத்த ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் நமக்குரிய ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு பங்கு போட வேண்டும். அதை நம்பி உட்காராதே, கிடைத்தால் விடவும் வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம், இப்படிப்பட்ட ஊழியர்களுக்காக ஒரு தொடர்பு அலுவலரை வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கைக்கான காரணங்களில் மனநலக் குறைபாடும் ஒன்றாக இருந்தாலே அது பாரபட்சம்தான் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாளில் எனக்கு இதெல்லாம் கிடையாது.

இன்னொன்று. போய், மறுபடி விழலாம். எனக்கு 2003-ல் ஒரு தரம் வந்தது. முதலாளி மூன்று வாரம் லீவு கொடுத்தார், என் மேசையில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மருந்துச் சீட்டும், பி.காம். சர்டிபிகேட்டும் எடுத்து வை. ஆடிட்டரிடம் நானும் கூட வருகிறேன். பேசப்போவது நீதான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அக்கா எதிர்வீட்டில் என்ன காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறாள் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடு. மறுபடியும் கீழாநெல்லி குடிக்க என்னால் முடியாது.

அன்புடன்,
மாமா