கியர்ப்பெட்டியின் பிணியறிதல்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் உடையவர் மிகுதியும் அஞ்சுவது தானே கியர் மாற்றும் பெட்டியை என்னலாம். எஞ்சின் நின்றுவிட்டால், பெட்ரோல் இல்லையென்றோ பாட்டரி தளர்ந்ததென்றோ வழிப்போக்கரும் ஒரு காரணம் கூறுவர். தானியங்கு கியர்ப்பெட்டி சீர்கெட்டாலோ ஒருவரும் வாய் திறவார். "கழற்றித்தான் பார்க்கவேண்டும்" என்று பட்டறையிற் கூறும் ஒரு சொல்லுக்கு உடையவர் தலைவணங்குவர். அச்சொல்லின் விலை பெரிது; சிலபோது அது வேண்டாத விலையுமாம். ஆதலின், பெட்டியைத் திறவாமுன்னரே பிணி இன்னதெனத் துணியும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர்கள் நகைப்பர். பொறுத்துப் படிப்பாராயின், சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காணும் நம் வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்பது விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972-ஆம் ஆண்டில் தோன்றிய ஏ.எஸ்.ஈ. என்னும் நிறுவனம் மோட்டார் மெக்கானிக்குகளுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் அளித்து வருகின்றது. அத்தேர்வுகளுள் ஏ2 எனப்படுவது தானியங்கு கியர்ப்பெட்டியைப் பற்றியது. தேர்வில் வென்றால் மட்டும் போதாது. தொழிலிற் பழகியமைக்கும் சான்று காட்டவேண்டும். ஐந்தாண்டுகட்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பித்தலும் வேண்டும். வினாக்கள் பலவற்றின் அமைப்பு விநோதமானது. வண்டியொன்றின் குறை முதலிற் கூறப்பெறும். அதற்கு ஏ என்னும் மெக்கானிக் ஒரு காரணமும், பி என்னும் மெக்கானிக் வேறொரு காரணமும் சொல்வர். ஏ கூறுவது மட்டும் சரியா, பி கூறுவது மட்டும் சரியா, இருவர் கூற்றும் சரியா, இருவர் கூற்றும் தவறா என்பதே வினா. பிறர் கொள்கையை எடுத்துக்காட்டி, ஏற்பன ஏற்று மறுப்பன மறுக்கும் நம் உரையாசிரியர் வழக்கத்தையே இது எனக்கு நினைப்பூட்டிற்று.

இனிப் பெட்டியின் இயல்பைச் சுருங்கச் சொல்வாம். நடுவே சூரியச் சக்கரமும், அதனைச் சுற்றிக் கோட்சக்கரங்களும், அவற்றை வளைத்து உட்பல்லுடைய வளையச் சக்கரமும் அமைந்த தொகுதிகள் இதனுள் உள்ளன. இவற்றுள் ஒன்றைச் சுழற்றி மற்றொன்றை அசையாமற் பிடித்தால் ஒரு கியர் பிறக்கும். பிடிக்கும் உறுப்பை மாற்றினால் வேறு கியர் பிறக்கும். சுழற்றுதற்கும் பிடித்தற்கும் கிளச்சுக்களும், உருளியைச் சுற்றி இறுக்கும் பட்டையும் உதவும். அவற்றை இறுக்குவது பம்ப்பு அனுப்பும் எண்ணெயின் அழுத்தம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டியில் வைத்த ஹைட்ரமாட்டிக் பெட்டியில், எப்போது கியர் மாறவேண்டும் என்பதை எண்ணெயழுத்தமே தீர்மானித்தது. இக்காலத்துப் பெட்டிகளில் அதனைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கின்றது. சோலனாய்டு என்னும் மின்வால்வுகள் அதன் ஆணையை எண்ணெய்க்கு அறிவிக்கின்றன. ஆகவே பிணி மூன்றிடத்தில் இருத்தல் கூடும்: மின்சாரத்தில், எண்ணெயில், அன்றி இரும்பில். முன்னைய இரண்டையும் பாராது மூன்றாவதற்குப் பாய்வதே பெரும்பிழை.

முதற்கண் எண்ணெய். அளவுகோல் உள்ள வண்டிகளிற் பெரும்பாலனவற்றில் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அளவு பார்த்தல் வேண்டும். எண்ணெய் குறைந்தால் பம்ப்பு காற்றை விழுங்கும். கியர் போட்டபின் வண்டி தயங்கித் தயங்கிப் புறப்படும். மிகுந்தாலும் தீங்கே, சுழலும் சக்கரங்கள் அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். கருகிய மணம் வீசினால் கிளச்சு வெந்தது எனக் கொள்க. பாலிற் கலந்த செம்மை போலத் தோன்றினால் ரேடியேட்டர் நீர் உட்புகுந்தது என்க. இவ்வளவும் ஒரு கந்தைத் துணியாற் செய்யும் சோதனை. இதைச் செய்யாது கருவிகளைத் தேடி ஓடுவாரும் உளர்.

அடுத்தது வண்டியை ஓட்டிப் பார்த்தல். எந்தெந்தக் கியர் உண்டு, எந்தெந்தக் கியர் இல்லை என்று குறித்துக்கொள்ளல் இதன் பயன். இதற்கு எடுத்துக்காட்டாக ஜெனரல் மோட்டார்ஸாரின் 4எல்60-இ என்னும் பெட்டியைக் கொள்வாம். 1993 முதல் பல பிக்கப் வண்டிகளிலும் கார்களிலும் வைக்கப்பெற்ற இதற்கு முன்செல்லும் கியர் நான்கு. பட்டை இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் இறுகும். மூன்று-நான்கு கிளச்சு என்பது பெயருக்கேற்ப மூன்றிலும் நான்கிலும் இறுகும். பின்னோட்டத்திற்கு வேறு கிளச்சுக்கள் உள. இவ்வளவு தெரிந்தால், மூன்றும் நான்கும் இல்லாத வண்டியிற் பழுது எங்கே என்று கேட்க வேண்டுவதில்லை. இரண்டிற்கும் பொதுவான கிளச்சை நோக்குக. இரண்டும் நான்கும் இல்லையேல் பட்டையை நோக்குக. எழுவாய் பல இருப்பினும் பயனிலை ஒன்றாயின் அதனைக் கண்டு தொடரை முடிக்கின்றோம் அல்லமோ? அதுபோலத்தான்.

மின்சாரத்தின் வேலை இதனினும் சுவையுடையது. மேற்கூறிய பெட்டியில் கியர் மாற்றும் சோலனாய்டுகள் ஏ, பி என இரண்டே. இரண்டிலும் மின்சாரம் ஓடினால் முதற் கியர். ஏ அணைந்து பி மட்டும் ஓடினால் இரண்டு. இரண்டும் அணைந்தால் மூன்று. ஏ மட்டும் ஓடினால் நான்கு. இப்போது ஏ சோலனாய்டு மின்சாரம் பெறாமற் போயிற்று என்று கொள்வோம். கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முறையே ஆணையிடும். பெட்டியோ இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று கேட்கும். பி மின்சாரம் இழந்தாலோ நான்கு, மூன்று, மூன்று, நான்கு என்றாகும். முன்னையதில் வண்டி இரண்டாம் கியரிற் புறப்படுதலின் உடையவர், "எஞ்சினுக்கு வலுவில்லை" என்று முறையிடுவர். பியூஸ் எரிந்து மின்சாரம் முழுதும் நின்றால், இரண்டு சோலனாய்டும் அணைந்து வண்டி மூன்றாம் கியரிலேயே புறப்படும். அழுத்தத்தை அடக்கும் மின்வால்வும் உடன் அணைதலால் அழுத்தம் உச்சத்திற்கு ஏறும். கியர் போட்டதும் வண்டி ஓர் அடி அடித்தாற்போற் குலுங்கும். கனமாகப் புறப்படுதலும் குலுங்குதலும் சேர்ந்த இக்குறையைக் கண்டு பெட்டியைக் கழற்றுவோன், சிறு கம்பியிழை ஒன்றிற்காக நாட்கணக்கில் உழைத்தவனாவான்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில், குறைகளைக் குறியெண்ணாகச் சொல்லும் பொது ஏற்பாடு கட்டாயமாயிற்று. பி0753 என்பது ஏ சோலனாய்டின் மின்வழியையும், பி0758 என்பது பி சோலனாய்டின் மின்வழியையும் குறிக்கும். மின்வழி என்றேன், சோலனாய்டு என்றிலேன். அறுந்த கம்பியும், துருவேறிய இணைப்பும் அதே எண்ணையே தரும். எண்ணைக் கண்டதும் புது உறுப்பு வாங்குவோனைத் தேர்வு கருணையின்றித் தள்ளிவிடும்.

பெட்டியின் குற்றமும் எஞ்சினின் குற்றமும் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்திற் செல்லும்போது வண்டி நடுங்கினால் எஞ்சினில் வெடிப்புத் தவறுகின்றது என்பர். ஆயின், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள டார்க் கன்வெர்ட்டரினுள் ஒரு பூட்டுக் கிளச்சு உண்டு. அது வழுக்கினாலும் இந்நடுக்கமே தோன்றும். பிரேக் மிதியை இலேசாகத் தொட்டால் அக்கிளச்சு விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் குற்றம் கன்வெர்ட்டர்ப் பக்கம். நில்லாவிடின் எஞ்சின் பக்கம் தேடுக. பெருவிரல் அசைவொன்றால் வழக்குத் தீர்கின்றது.

முடிவாக, தேர்வின் போக்கில் யான் அமைத்த வினா ஒன்று. மேற்கூறிய 4எல்60-இ பெட்டியுள்ள வண்டியில் ஒன்றும் மூன்றும் உள. இரண்டும் நான்கும் பின்னோட்டமும் இல. ஏ என்பார் பட்டை தேய்ந்தது என்கின்றார். பி என்பார் சூரியச் சக்கரத்தைப் பற்றிச் சுழலும் இரும்புக் கூடு உடைந்தது என்கின்றார். யார் கூற்று சரி? ஏ கூறுவது இரண்டிற்கும் நான்கிற்கும் பொருந்தும். பின்னோட்டத்திற் பட்டைக்கு வேலையே இல்லை, ஆதலின் அது போதாது. கூடோ மூன்றிற்கும் பொது: இரண்டிலும் நான்கிலும் பட்டையின் பிடி அதன் வழியாகவே சூரியச் சக்கரத்தை எட்டும், பின்னோட்டத்திற் சுழற்சியும் அதன் வழியாகவே செல்லும். பி கூறுவது மட்டுமே சரி. இனி எண்ணெய்த் தட்டை இறக்கிக் காண்க. காந்தத்தில் மெல்லிய சாம்பற் களிம்பு மட்டும் இருந்தால் அஃது இயல்பான தேய்வு. இரும்புத் துணுக்குகள் கிடந்தால் பி கூற்றுக்கு அது மற்றொரு சான்று. பெட்டியை இறக்குதற்கு வண்டியின் கீழே ஜாக்கி வைக்கலாம்.