மரத்த பாதமும் மறந்த நோயும்

கேள்வி: நீரிழிவு உள்ள தந்தைக்குப் பல ஆண்டுகளாக இருந்த பாத எரிச்சல் தானாகவே அடங்கிவிட்டது. நரம்பு குணமாகிவிட்டதாகக் கொள்ளலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கொள்ளக் கூடாது. எரிச்சல் என்பது பழுதடைந்த நரம்பிழை இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதன் அறிகுறியாதலால், அது அடங்குவதற்கு இழை தேறியதும் காரணமாகலாம், இழை அடியோடு செயலற்றுப்போனதும் காரணமாகலாம். இரண்டில் எது என்பதை நோயாளியின் சொல்லைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது; 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையை உள்ளங்காலில் ஊன்றியும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தும் சோதித்தால் சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

வலியில்லாப் பாதமே பத்திரமான பாதம் என்ற எண்ணம் எத்தனையோ கால்களைப் பறித்திருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களைக் கிருமியே அரித்துவிடுகிறது என்ற நம்பிக்கையை மறுத்து, உணர்விழந்த கைகால்களில் அறியாமல் படும் காயமும், அது பொருட்படுத்தப்படாமல் மீண்டும் மீண்டும் அழுத்தப்படுவதும், அதில் ஏறும் தொற்றுமே விரல்களைக் குறைக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். நீரிழிவுப் பாதத்திற்கும் இதே விதி பொருந்துவதால்தான், தொழுநோயாளருக்கு வழங்கப்பட்டுவந்த எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு நீரிழிவு நோயாளருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும், மரத்த காலை வெந்நீரில் ஊறவைப்பதும், கால் ஆணியைச் சவர பிளேடால் சீவுவதும், சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலால் சுற்றிக் கொப்புளத்தோடு திரும்புவதும் நின்றபாடில்லை. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கல் சூடேறுவதற்குமுன் விடியற்காலையில் சுற்றலாம். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்தோ வீட்டார் துணையோடோ பார்ப்பதும், செருப்பையும் ஷூவையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப்பார்ப்பதும் எந்த மாத்திரைக்கும் குறைந்த மருத்துவமல்ல.

கேள்வி: மருந்துக் கடையில் கிடைக்கும் நரம்பு ஊசியைப் பத்து நாள் போட்டால் மரப்பு நீங்குமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: அவ்வூசியில் பெரும்பாலும் இருப்பது பி12 உயிர்ச்சத்து; அதன் குறைபாடு இரத்தப் பரிசோதனையில் உறுதியானவருக்குப் பயன் உண்டு, பிறருக்கு அடிப்படை நோயைக் கண்டறிவது மேலும் பத்து நாள் தள்ளிப்போகும்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொள்ளும் தாயாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் கால் மரக்கிறது, இருட்டில் நடை தள்ளாடுகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, அஞ்சவும் வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்ளப்படும்போது குடல் பி12 உயிர்ச்சத்தை ஈர்ப்பது குறைகிறது; புலால் உண்ணாதவர்களிடம் இக்குறை இன்னும் விரைவில் வெளிப்படும். இக்குறையால் தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது என்பதால், கண்ணின் துணையில்லாத இருட்டில் தள்ளாட்டம் மிகுகிறது. பி12 அளவைப் பார்த்து ஈடுசெய்தால் பெரும்பாலும் முன்னேற்றம் தெரியும். தாமதித்தால் மீட்சி முழுமையடையாது. பி12 குறைந்திருக்க ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சீராகி, நரம்புப் பாதிப்பு மறைவாக வளரும். நீரிழிவு உள்ளவரின் மரப்பு அனைத்தையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடும் வழக்கம் இனியேனும் ஒழிய வேண்டும்.

கேள்வி: இன்சுலின் தொடங்கி இரண்டே மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது, ஆனால் அதன்பின் கால் எரிச்சல் கடுமையாகிவிட்டது. இன்சுலின்தான் காரணமா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: இன்சுலின் நஞ்சன்று. நெடுங்காலம் உயர்ந்திருந்த சர்க்கரை மிக விரைவாக இறங்கும்போது சிலருக்கு இத்தகைய எரிச்சல் எழுவதுண்டு. அது பெரும்பாலும் மாதக்கணக்கில் தணிந்துவிடும். பிரிகாபலின், டுலாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் அதுவரை வலியைத் தாங்கத் துணைசெய்யும். அவை நரம்பைச் சீராக்குவதில்லை, அவற்றைத் திடீரென நிறுத்துவதும் கூடாது. 1993இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வு, முதல் வகை நீரிழிவில் கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைப்பதைக் காட்டியது; ஆதலால் கட்டுப்பாட்டைக் கைவிடாமல், இறக்கத்தின் வேகத்தை மருத்துவரோடு கலந்து நிதானப்படுத்துவதே முறை.

கேள்வி: காசநோய் மருந்து தொடங்கியபின் பாதம் எரிகிறது. சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா?
— வாசகர், திருவள்ளூர்

பதில்: ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஐசோனியசிட் என்னும் மருந்து பி6 உயிர்ச்சத்தைக் குறைப்பதால் வரும் இவ்வெரிச்சலுக்குப் பிரிடாக்ஸின் மாத்திரை உண்டு; சிகிச்சை தரும் மையத்தில் சொல்லிப் பெற வேண்டும். பி6 அளவுமீறினால் அதுவும் நரம்பைக் கெடுக்கும் என்பதால், தாமே வாங்கி உண்பது தவறு.

கேள்வி: முழங்கைக்குக் கீழே வெளிறிய படை, அரிப்பும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை. களிம்பு போதுமா?
— வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: போதாது. நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்து இலவசம், நோய் முற்றிலும் குணமாகும், தாமதத்தால் இழந்த உணர்வு மட்டும் திரும்பாமல் போகலாம்.

கேள்வி: வயிற்றுப்போக்கு நின்ற பத்தாம் நாள் இரு கால்களும் தளர்ந்து, மூன்று நாட்களில் தளர்ச்சி இடுப்புவரை ஏறியிருக்கிறது. என்ன உணவு கொடுக்கலாம்?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இது கடிதம் எழுதிக் காத்திருக்கும் நோயன்று. தொற்றுக்குப்பின் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோயாக இருந்தால், மூச்சுத் தசைகளும் சில நாட்களில் தளரக்கூடும். இவ்வாறு தளர்ச்சி ஏறுவதைக் காண்பவர் எவராயினும், உணவையும் எண்ணெய்த் தேய்ப்பையும் ஆராயாமல், செயற்கைச் சுவாச வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அந்த மணியிலேயே கொண்டுசெல்ல வேண்டும்.