நாள்பட்ட இடுப்புவலி: நாமே கற்றுக்கொள்ளும் பாடம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் செம்மண் தோட்டங்களில் பயிர் செய்கிறவர்கள் குனிந்த முதுகோடு வேலை செய்கிறார்கள். மலையில் நாம் கூடை சுமந்து கொழுந்து எடுக்கிறோம். மண் வேறு, பயிர் வேறு, இடுப்புவலி ஒன்றுதான். அந்த இணுவிலில் 1898ஆம் ஆண்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை தொடங்கப்பட்டது. வைத்தியம் ஊருக்குள் வந்தது. இன்று வலியைச் சமாளிக்கும் பாடம் கைபேசி வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. அதில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியே நாள்பட்ட வலி. கையில் கத்தி பட்டால் வரும் வலி ஓர் எச்சரிக்கை. காயம் ஆறினால் அதுவும் போய்விடும். சில பேருக்குக் காயம் ஆறின பிறகும் நரம்பும் மூளையும் எச்சரிக்கையை நிறுத்துவதில்லை. திருடன் போன பிறகும் குரைக்கிற நாய் மாதிரி. இந்த வலி பொய்யில்லை, நடிப்புமில்லை. ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைகிறது என்று பயப்படவும் வேண்டாம்.

படுத்தே கிடக்கலாமா?

1986இல் அமெரிக்காவில் இடுப்புவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். குணமானதில் வித்தியாசமில்லை. 2 நாள் படுத்தவர்கள் இழந்த வேலைநாட்களோ குறைவு.

அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் 8 வாரத்தில் 5 பாடங்களை இணையம் வழியாகக் கற்பிக்கிறது. 490 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. படித்தவர்களுக்கு வலியும் மனக்கவலையும் குறைந்தன. அன்றாட வேலைகளையும் கூடுதலாகச் செய்ய முடிந்தது.

நாம் செய்யக்கூடியவை:

1. அளவோடு செய்யுங்கள். பத்து நிமிடம் நடந்தால் வலி கூடுகிறதா? ஏழு நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் அடுத்த நாள் எழும்ப முடியாது.

2. சுமையைப் பிரியுங்கள். கிலோக் கணக்கு இருக்கும்போது நினைத்த நேரம் உட்கார முடியாதுதான். ஆனாலும் கூடை நிரம்பும் முன்பே சாக்கில் கொட்டலாம். விறகை இரண்டு சின்னக் கட்டாகக் கொண்டுவரலாம்.

3. வலி கூடும்போது மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இறுகிய தசை தளரும்.

4. கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். பல மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

5. வீட்டு ஆண்களே, பிள்ளைகளே! "அம்மாவுக்கு எப்பவும் வலிதான்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாவிட்டால், காய்ச்சலோடு வலித்தால், விழுந்தபின் வலி வந்தால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது இந்தப் பாடத்தில் அடங்காது.

வலி ஒரே நாளில் ஓடிவிடாது. ஆனால் வலி சொன்னபடி நாம் நடப்பதா, நாம் சொன்னபடி நாள் நடப்பதா என்பதில் கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது. இந்த வாரம் ஒன்றை மட்டும் தொடங்குவோம்.