ஸ்டென்ட்டுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், தனியார் மருத்துவமனையில், காசு கட்டாமல் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்கியே கையைக் கடிக்கிறது. அதற்கு அட்டை செல்லாதாம். ஐந்து லட்சம் வரை தருகிறவர்கள் இந்தச் சில்லறைச் செலவைத் தரக் கூடாதா? அரசு பிரீமியமாகக் கட்டும் பணத்தை அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன?
— வாசகி, விருதுநகர்

பதில்: சில்லறைச் செலவு என்கிறீர்கள். நம் ஊரில் குடும்பங்கள் வைத்தியத்துக்குக் கைக்காசு போடுவதில் பெரும்பகுதி அதுதான்: டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், மருந்து.

ஆனால் காப்பீடு அதற்கான கருவியல்ல. எப்போதாவது, யாருக்கோ, பெரிதாக வந்து விழும் செலவைப் பலர் தலையில் பரப்புவதே காப்பீடு. உங்கள் அப்பாவின் மாத்திரை ஒன்றாம் தேதி பிறந்தால் வாங்கியே ஆக வேண்டியது. நிச்சயமான செலவைக் காப்பீட்டு நிறுவனம் வழியாகக் கொடுத்தால், மருந்து விலையோடு பில் சரிபார்க்கும் கூலியும் அவர்கள் லாபமும் சேர்ந்துகொள்ளும். அரசே மொத்தமாக வாங்கிக் கொடுப்பது மலிவு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்வது அதைத்தான். மாநிலம் முழுமைக்கும் டெண்டர், பிராண்டு கிடையாது, மருந்தின் மூலப்பெயர் மட்டும். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அந்த மாத்திரை அட்டையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதன் மேல் மரியாதை.

அப்படியானால் எல்லாப் பணத்தையும் ஆஸ்பத்திரிக்கே கொடுக்கலாமே? என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அரசு கட்டி முடிக்கும்வரை மாரடைப்பு காத்திருக்காது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, ஏற்கெனவே இருந்த தனியார் படுக்கைகளை அரசு விலை பேசி வாங்கியது. இன்று அரசு மருத்துவமனைகளும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிளெய்ம் பெறுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

விலை பேச ஆள் வேண்டும், அதுதான் விஷயம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர் பேரம் பேச முடியாது; அவருக்காக அரசுதான் பேச வேண்டும். மருத்துவம் மற்ற சரக்குகளைப் போன்ற சந்தையல்ல என்று 1963-லேயே பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ எழுதினார். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 29,600 ரூபாய் உச்சவிலை வைத்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றார்கள். பேச்சு எடுபடாவிட்டால் நோயாளியை அழைத்துப்போக அரசுக்கும் சொந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். அதைத் தேயவிட்டுக் காப்பீட்டை மட்டும் வளர்த்தால், அடுத்த ஆண்டு சிகிச்சைக்கான பேக்கேஜ் தொகையைத் தனியார்தான் சொல்வார்கள்.

உங்கள் வீட்டு விஷயம்: டிஸ்சார்ஜ் சம்மரியோடு அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் எல்லாம் அங்கே கேட்டுப் பாருங்கள். பி.பி., சர்க்கரை இருந்தால் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவையும் கேளுங்கள். கிடைக்காததை, மலிவு விலையில் விற்கும் முதல்வர் மருந்தகத்தில் பாருங்கள். கையில் காசில்லை என்று, டாக்டரைக் கேட்காமல், ஸ்டென்ட் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.