போர் தண்ணீரும் பிள்ளைகள் பல்லும்

திண்டுக்கல் சமவெளியில் நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். சிலருக்கு முன்பல்லில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டு, சிலருக்குப் பழுப்புக் கோடு. "ஒழுங்கா பல்லு விளக்குறதில்ல" என்று வீட்டில் அதட்டுகிறார்கள். பாவம், அது விளக்கினால் போகிற கறை இல்லை. பல் உருவாகும்போதே தண்ணீரிலுள்ள புளோரைடு எனாமலைக் கெடுத்ததன் அடையாளம்.

இது புதுசும் இல்லை. அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் பகுதியில் இந்தக் கோளாறை மருத்துவர்கள் 1937-லேயே எழுதி வைத்தார்கள். நம் நிலக்கோட்டை ஒன்றியத்துத் தண்ணீரை அளந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது.

இயற்கை விவசாயம் செய்கிற நமக்கு ஒரு நினைப்பு உண்டு. கெடுதல் எல்லாம் உரக்கடையிலிருந்துதான் வரும் என்று. இது பெரும்பாலும் காலுக்கடியில் இருக்கும் பாறையிலிருந்து வருகிறது. பாறை இடுக்கில் நெடுநாள் கிடக்கும் தண்ணீரில் புளோரைடு மெல்லக் கரைகிறது. பக்கத்துப் பக்கத்து போரிலேயே அளவு மாறும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. நான் வங்கியில் இருந்த காலத்தில் போர் கடன் மனுவில் மோட்டார் விலைப்புள்ளி கேட்போம், சிட்டா அடங்கல் கேட்போம். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்க ஒரு கட்டம்கூட கிடையாது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பெரியவர்களைவிட 8 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் பல்லில் ஆபத்து. முன்பல்லின் எனாமல் முதல் நாலைந்து வருடத்தில் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும். பால் பல் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். 7 வயதில் நிலைப்பல் முளைக்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது தண்ணீரை மாற்றி அந்தப் பல்லை மீட்க முடியாது. அதனால் கைக்குழந்தை இருக்கிற வீடு இந்த மாதமே சோதிக்க வேண்டும். தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவு; புட்டிப்பாலையும் கஞ்சியையும் எந்தத் தண்ணீரில் கலக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், புளோரைடு தங்கிவிடும். சோறு, சாம்பார் வழியாகவும் அது உள்ளே போகிறது. ஆகவே குடிக்க மட்டும் தண்ணீரை மாற்றினால் போதாது, உலைக்கும் மாற்ற வேண்டும்.

சாப்பாடும் கொஞ்சம் கைகொடுக்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, மோர் இவற்றின் சுண்ணாம்புச்சத்து, புளோரைடு உடம்பில் சேருவதைக் குறைக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்ததில், சிறுநீர் வழியாகப் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. ரசம் வையுங்கள், அதற்காகத் தண்ணீரை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள்.

சொத்தை வேறு கதை. "நாங்க சீனியே வாங்குறதில்ல, கருப்பட்டிதான்" என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிக்கு இரண்டும் தீனிதான். ஒவ்வொரு தடவை இனிப்பு தின்றபின்னும் அரைமணி நேரம் பல் அமிலத்தில் ஊறும். கடலைமிட்டாயை நாள் முழுக்கக் கொறிக்கவிடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

போரில் அளவு கூடுதலாக இருந்தால் காவிரிக் குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கு ஒதுக்குங்கள். குழாய் வராத தோட்டத்து வீட்டுக்கு மழைநீர் இருக்கிறது. 500 சதுர அடி மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,300 லிட்டர். முதல் மழையைக் கழித்துவிட்டாலும் 1,800 லிட்டர் தேறும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் 90 நாளுக்கு வரும். தொட்டியை வெயில் படாமல் மூடி, வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டி கட்டி முடித்துவிடுங்கள்.