மண்ணும் அணியாகும்

ஆஸ்டின் டவுனில் சுடுமண் நகை செய்யும் அக்கா ஒருவரிடம் நான் பாடம் கேட்கிறேன். தங்கையின் திருமணத்திற்கென்று நான் செய்த முதற் பதக்கம் சூளையில் வெடித்துவிட்டது. ஏன் தெரியுமா, நண்பர்களே? மண்ணுள் எஞ்சிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி, அதைப் பிளந்தது. நிழலில் பல நாள் உலர்த்தியிருக்க வேண்டும், அவசரம் என்னுடையது!

ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் களிமண்ணின் இயல்பே மாறிவிடுகிறது. அதன்பின் நீரில் கரையாது. காற்று புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். மூடிப் புகையவிட்டால் மண் கறுக்கும். சாயம் எதற்கு? பண்டைக் குயவரும் இதனை அறிந்திருந்தனர். 2015-இல் அகழத் தொடங்கிய கீழடியில் கறுப்பு சிவப்புக் கலங்களோடு சுடுமண் மணிகளும் கிடைத்தன அன்றோ!

உலர்ந்தாலும் சுட்டாலும் மண் சுருங்கும். ஆதலால் இம்முறை நூல் கோக்கும் துளையைச் சற்றுப் பெரிதாகவே ஈர்க்கால் குத்தினேன். இரண்டாம் பதக்கம் நிழலில் உலர்கிறது. திருமணத்திற்கு இன்னும் 12 நாள்களே உள்ளன.