கனமான கல்லெல்லாம் கடினமான கல்லா?

பத்துமலையும் கல்தான், வீட்டு அம்மியும் கல்தான். ஆனால் இரண்டும் ஒரே கல் அல்ல. கற்களை வேறுபடுத்தி அறிய உதவும் அளவுகளில் இரண்டு முக்கியமானவை: அடர்த்தி, கடினத்தன்மை. இடைநிலைப்பள்ளியில் இவற்றை மலாயில் ‘கெதும்பாத்தான்’, ‘கெகெராசான்’ என்று படித்தோம். கனமான கல் கடினமாகவும் இருக்கும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் கற்கள் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன.

அடர்த்தி என்பது ஒரு கன சென்டிமீட்டர் கல்லின் நிறை. கல்லை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவுக் குறியிட்ட பாத்திரத்தில் நீரூற்றி, அதில் கல்லை மூழ்கவிடுங்கள். 270 கிராம் கல் நீர்மட்டத்தை 100 மில்லிலிட்டர் உயர்த்தினால், அதன் அடர்த்தி 2.7 ஆகும்.

கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்கும் திறன். பிரெடரிக் மோஸ் என்ற கனிமவியல் அறிஞர் 1812-இல் இதற்கு 1 முதல் 10 வரை ஒரு வரிசை வகுத்தார். வைரம் 10, நம் விரல்நகம் ஏறத்தாழ 2.5, கத்தி 5.5.

இனி நம் மலைகளைப் பார்ப்போம். பத்துமலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அதன் முக்கியக் கனிமமான கால்சைட்டின் அடர்த்தி 2.71, கடினத்தன்மை 3. கத்தியால் எளிதில் கீறலாம். சற்றுத் தொலைவிலுள்ள புக்கிட் தாபூர் குன்றோ குவார்ட்ஸ் பாறை. அதன் அடர்த்தி 2.65, கடினத்தன்மை 7. கத்தி அதன்மேல் தோற்றுப்போகும். ஆக, சற்றே கனமானதுதான் மிக மென்மையாக இருக்கிறது!

காரணம் என்ன? அணுக்களின் எடையும் அவை எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பதும் அடர்த்தியைத் தீர்மானிக்கின்றன. அணுக்களுக்கிடையிலான பிணைப்பின் வலிமையே கடினத்தன்மையைத் தீர்மானிக்கிறது. குவார்ட்ஸில் சிலிக்கானும் ஆக்சிஜனும் எல்லாத் திசைகளிலும் உறுதியாகப் பிணைந்துள்ளன.

ஈயக்கனிமமான காசிட்டரைட்டும் குவார்ட்ஸைப் போலவே கடினமானது. ஆனால் அடர்த்தி ஏறத்தாழ 7. எனவேதான் டூலாங் தட்டில் அலசும்போது மணல் ஓடிவிட, ஈயம் அடியில் தங்கியது. 1857-இல் அம்பாங்கில் ஈயம் தேடி வந்தவர்களால்தான் கோலாலம்பூர் வளர்ந்தது.

இவ்விரு அளவுகள் மட்டும் போதுமா? போதா. மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும். பத்துமலைக் குகைகள் அப்படித்தான் உருவாயின. அதே வகைப் பாறை தலைநகரின் அடியிலும் குழிகளோடும் சரிவுகளோடும் கிடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டும்போது, நிலத்தடிப் பாறை செங்குத்தாகச் சரிந்திருந்ததால், கட்டட இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தனர். அடித்தளத் தூண்கள் சில 100 மீட்டருக்கும் மேல் ஆழமானவை.

நம் முன்னோர் அம்மிக்குக் கருங்கல்லைத் தேர்ந்ததிலும் இதே அறிவு உண்டு. அதிலுள்ள பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் 6, 7 கடினத்தன்மை உடையவை. புளியின் அமிலத்துக்கும் கரையாதவை. சுண்ணாம்புக் கல்லில் அரைத்தால் துவையலோடு கல்லையும் சேர்த்துத்தான் உண்ண வேண்டும்!

ஒரு கல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு கனம்? எது அதைக் கீறும்? நீர் அதை என்ன செய்யும்? சோதனைக்குச் சாலையோரக் கற்களே போதும். பத்துமலையைக் கீற வேண்டாம். நாம் குடியிருக்கும் மண்ணின் உறுதி இம்மூன்றாம் கேள்வியில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது.